உன் கைதான் சூடு என்றேன்

நைனா, இந்தக் கடிதத்தோடு உன் மாமா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் கொண்டுவருவான். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன், திறக்காதே, குலுக்காதே. நீ அந்தக் காலத்தில் ஹோமியோபதி மருந்துக்கடையில் ஒரு டஜன் வாங்கி வந்தாயே, அதில் மிச்சமிருக்கும் ஒன்றுதான். முதலில் கடிதத்தைக் கடைசிவரை படி, அப்புறம் குப்பியைப் பார். எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை ஏன் இப்படி எழுதுகிறேன் என்று கேட்பாய். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மணிமங்கலத்திலிருந்து வருகிறாய், மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துத் தருகிறாய். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பேன், நீ செருப்பு மாட்டும்வரை சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாக இதே கதைதான். பேனாவுக்கு உன் முகம் தெரியாது, அதனால்தான் அதைப் பிடித்திருக்கிறேன்.

போன வாரம் செல்வி எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் பேசினாள், நான் இப்போது சொல்கிறேன், அவளைத் திட்டாதே. ஐந்து மாசத்து வயிற்றோடு என் மருமகள் கவலைப்படுவது எனக்குத் தாங்கவில்லை. "அத்தை, அவிய எதையும் மூணு தடவ பாக்காவ. கேஸ மூடுதாவ, போறாவ, திரும்பி வந்து பாக்காவ. பூட்ட இழுத்து இழுத்துப் பாக்காவ. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ" என்றாள். அப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னாள். கம்பெனியில் உன்னை லைனிலிருந்து எடுத்துத் தரம் பார்க்கும் பிரிவில் போடட்டுமா என்று கேட்டார்களாம், நீ முடியாது என்று சொல்லிவிட்டாயாம். ஏன் என்று இவள் கேட்டதற்கு, "என் கண்ண நம்பி நானே ஓகே போட மாட்டேன், வேற எவனாவது பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாயாம். வரும் திங்கட்கிழமைக்குள் மனசு மாறினால் வந்து சொல் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறாராம். போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றேன். அரிசி குழைந்துபோனதுகூடத் தெரியவில்லை. உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நைனா. உன் கண்ணைக் கெடுத்தவள் நான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? உன் அப்பா போன பிறகு வல்லம் வடகாலில் நான் மெஸ் போட்டேன். தெற்கிலிருந்து வரும் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து பசியோடு வருவார்கள், காலையில் பூரி, சாயங்காலம் பஜ்ஜி, ஞாயிறு என்றால் மீன் வறுவல். கருத்த எண்ணெய் டின் டின்னாகச் சேரும். அதை வாங்கிப்போய் வடிகட்டி மறுபடி விற்கிற ஆள் ஒருவன் வருவான். நீ அப்போதுதான் கெமிக்கல் டிப்ளமா முடித்திருந்தாய். அவனைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வந்தது. "அத்த திரும்பி மனுஷன்தாம்மா திங்கறான்" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, பின்பக்கத் தகரக் கொட்டகையில் நீயே டீசல் காய்ச்ச ஆரம்பித்தாய். எண்ணெயை வடிகட்டுவாய், சூடாக்கித் தண்ணீரை ஓட்டுவாய், மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து ஊற்றிக் கலக்கிவிட்டு ராத்திரி முழுக்கத் தெளிய விடுவாய். அடியில் கிளிசரின் கருப்பாகத் தங்கும், மேலே தேன் நிறத்தில் உன் டீசல் நிற்கும். ஜெனரேட்டரில் ஊற்றி ஓட்டிய அன்று மெஸ் முழுக்கப் பஜ்ஜி வாசனை, சாப்பிட வந்த பிள்ளைகள் "அக்கா, கரண்ட்ட வறுத்து எடுக்கீயளா?" என்று சிரித்தார்கள். உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள, எண்ணெச் சட்டிய கட்டிகினு அழுவுது" என்று போகும்போதும் வரும்போதும் குத்துவான். என் தம்பிதான், நல்லவன்தான், ஆனால் அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கியது.

காய்ச்சுவதைவிட நீ சோதிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாதி குப்பி டீசல், பாதி குப்பி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பாய். இரண்டும் பிரிந்து தண்ணீர் தெளிவாக நின்றால் சரி, மோர் மாதிரிக் கலங்கி நின்றால் உள்ளே சோப்பு இருக்கிறது என்பாய். அடுத்தது உன் பெரிய சோதனை. ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மில்லி உன் டீசல், இருபத்தேழு மில்லி மெத்தனால். நல்ல டீசல் என்றால் அதில் முழுசாகக் கரைந்துவிடும். மாறாத எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் கரையாமல் அடியில் வந்து உட்காரும். குப்பியை மண்பானைத் தண்ணீரில் போட்டுக் குளிர வைத்துத்தான் பார்ப்பாய். "சூடா இருந்தா எல்லாம் கரைஞ்ச மாதிரி காட்டும்மா, பொய் சொல்லும்" என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்த்ததை நோட்டில் தேதி போட்டு எழுதுவாய், சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுவாய், கீழே கையெழுத்து வேறு. உன் நோட்டுக்கு நீயே எதற்கடா கையெழுத்து என்று கேலி செய்வேன். நீ அப்படித்தான். ஆறாவது படிக்கும்போது கூட்டலில் வாத்தியார் எட்டு மார்க் சேர்த்துப் போட்டுவிட்டார் என்று நீயே போய்ச் சொல்லிக் குறைத்துக்கொண்டு வந்தாய். "வந்த மார்க்க எவனாவது திருப்பிக் குடுப்பானா, மக்கு" என்று உன்னைத் திட்டினேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் யார், நீ யார் என்று அந்த எட்டு மார்க்கிலேயே தெரிந்துபோனது.

அந்தச் சித்திரை மாசம் உன் மாமா ஒரு கம்பெனியில் பேசி நமக்கு ஒரு நாள் வாய்ப்பு வாங்கி வந்தான். புதிதாகச் சேர்ந்த முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரு மதியச் சாப்பாடு. பிடித்துப்போனால் தினமும் நாம்தான். அவனுடைய குட்டியானை வண்டியில்தான் சாப்பாடு போக வேண்டும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, டேங்க் காலியாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "சாப்பாடு அம்மாவோட்து, எண்ணெ புள்ளையோட்து. இன்னிக்கு இவனோடத ஊத்தியே போய்ப் பாக்கலாம்கா, அப்பவாவது நான் வாய மூடிக்கிறேன்" என்றான். உன் முகத்தை நான் பார்த்தேன். பத்தாவது பாஸ் ஆனபோதுகூட அப்படி மலரவில்லை. அந்த வாரம் வந்த எண்ணெய் ரொம்பக் கருத்திருந்தது, காய்ச்சியது உனக்கே முழுத் திருப்தி இல்லை. காலையில் குப்பியில் கலந்து பானையில் போட்டுவிட்டு, படப்பைக்குத் தயிர் வாங்கக் கிளம்பும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னாய்: "அரை மணி நேரம் ஆவணும்மா. அடியில கடுகு மாதிரி இன்னா உக்காந்தாலும் சரி, மாமாவாண்ட பங்க்குல டீசல் போட்டுக்கச் சொல்லிடு. நம்மளுது வேணாம்."

அரை மணி நேரம் கழித்துப் பானையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் உட்கார்ந்திருந்தது. கடுகு இல்லை, ஒரு சின்னப் பாசிமணி அளவு, மஞ்சளாக. சாய்த்தால் உருண்டது. வெளியே உன் மாமா வண்டியில் துண்டைப் போட்டுத் தட்டிக்கொண்டு, "இன்னாக்கா, பரீச்சை ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டான். அந்த இளிப்பு என்னை என்னவோ செய்தது. மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டில் உறைந்தால் என்ன செய்வோம், வெயிலில் வைப்போம், உருகித் தெளிந்துவிடும், அதைப் பொய் என்று யாராவது சொல்வார்களா? அப்படித்தான் நினைத்தேன். முழுசாக அப்படி நினைத்தேனா, நினைப்பது போல எனக்கு நானே காட்டிக்கொண்டேனா, இன்றுவரை தெரியவில்லை. அப்போதுதான் வடித்த கஞ்சி அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு சொம்பில் கஞ்சியை மொண்டு, அதில் குப்பியை நிறுத்தி, எடுத்து, குலுக்கி, மறுபடி நிறுத்தினேன். மணி சிறுத்தது, இழை மாதிரி ஆனது, போய்விட்டது. கையோடு "உன் மாப்ள ஜெயிச்சிட்டான்டா, ஊத்திக்கோ" என்று என் தம்பிக்குக் குரல் கொடுத்தேன்.

நான் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவள். சாம்பார் நீர்த்துப்போனால் பரிமாறுவதற்கு முன்னால் கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றுவேன், உப்பு ஏறினால் உருளைக்கிழங்கு போடுவேன். யாருக்கும் சொல்ல மாட்டேன், சொல்லவும் வேண்டியதில்லை. நான் கரண்டியில் தொட்டு நாக்கில் வைப்பது சரி செய்வதற்காக. நீ குப்பியைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்துகொள்வதற்காக. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. சட்டியில் இருப்பதை விட்டுவிட்டுக் கரண்டியில் இருப்பதைச் சரி செய்தேன் நான். பீப்பாயில் இருந்த டீசல் அப்படியேதான் இருந்தது. இதில் பாசம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் தம்பி முன்னால் என் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்ற வீம்புதான் அதைவிட அதிகம்.

நீ தயிர் கேனோடு வந்து இறங்கியதும் நேராக ஜன்னலுக்குத்தான் போனாய். நான் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, உன் கண்ணால் பார்க்க வேண்டும் உனக்கு. குப்பியைத் தூக்கிப் பிடித்தாய், சாய்த்தாய், தெளிவாக இருந்தது. அப்புறம் முகம் சுருங்கியது. "இன்னாமா, சூடா கீது?" என்றாய். அந்த இடத்தில்கூட நான் சொல்லியிருக்கலாம். வண்டியில் ஊற்றியதை வடித்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. "குப்பி எங்கடா சூடு, இப்பத்தான பானையிலேர்ந்து எடுத்தேன். வெயில்ல வண்டி ஓட்டிகினு வந்த, உன் கைதான் சூடு" என்றேன். நீ உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். பேண்ட்டில் துடைத்துவிட்டு, நோட்டை எடுத்து, 'தெளிவு, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்த உள்ளங்கையை நீ பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் என்னை விடவில்லை. உன் கை சொன்ன உண்மையைவிட உன் அம்மா சொன்னதை நம்பினாய்.

மீதி உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் முன்னால் என் தம்பி பக்கத்தில், நீ பின்னால் அண்டாக்களைப் பிடித்துக்கொண்டு. ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை நின்றே போனது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. மெக்கானிக் வந்து பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான், கெட்டியாகப் பிசின் மாதிரி வழிந்தது. "இன்னாபா, டேங்க்ல பாயசம் ஊத்திக்கிறீங்க?" என்றான். லாரிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே அந்தப் பிள்ளைகள் பன் தின்றுவிட்டு மதிய வேலைக்குப் போய்விட்டார்கள், நாம் போய்ச் சேர்ந்தபோது கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதெல்லாம் போகட்டும். பாலத்தில் உன் மாமா உன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, "கண்ணு அவிஞ்சி போச்சாடா உனக்கு? இத்த பாத்துட்டா சரின்னு எழுதுன?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான். "நான் பாத்தேன் மாமா, நல்லாதான் இருந்துச்சு, எனக்குத்தான் பாக்கத் தெரியல" என்று மட்டும் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். உன் பார்வை என்னை எதையும் கேட்கவில்லை, அம்மா மனசு கஷ்டப்படுமே என்றுதான் பார்த்தாய், எனக்குத் தெரியும். நான் என் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கீழே இறங்கக்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், ஜன்னலில் குப்பி குளிர்ந்திருந்தது. அந்த மஞ்சள் மணி பழையபடி அடியில் வந்து உட்கார்ந்திருந்தது. நீ கொட்டகையில் பீப்பாயைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். கையில் குப்பியோடு கொட்டகை வாசல்வரை வந்தேன், நைனா. உன் முதுகு குலுங்கியது. திரும்பிப் போய்க் குப்பியைப் பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் நீ கம்பெனியில் சேர்ந்தாய். இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. கழுத்தில் அட்டை, கம்பெனி பஸ், பி.எஃப். கொட்டகை நாற்றமும் போனது, இனி பெண் கொடுப்பார்கள் என்று சந்தோஷப்பட்டேன். என் பொய்யால் உனக்கு நல்லதுதான் நடந்தது என்று எத்தனை நாள் எனக்கு நானே தாலாட்டுப் பாடியிருக்கிறேன்! உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், செல்வி வீட்டார் வந்து இறங்கிய பிறகு, நீ மண்டபத்துக் கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாய். மாப்பிள்ளை பொறுப்பானவர் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அன்றைக்கும் சொல்லவில்லை.

நேற்று உன் மாமாவைக் கூப்பிட்டு அவனிடம்தான் முதலில் சொன்னேன். குப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. ரொம்ப நேரம் குப்பியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "யக்கா, அவன் கண்ணு அவிஞ்சி போச்சான்னு கேட்டவன் நானு. ஆறு வருஷமா என்னப் பாத்தா தல குனிஞ்சிகினு போறான், மரியாதன்னு நெனச்சிகினு கீறேன்" என்றான். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். "தபாலா? நானே எடுத்துகினு போறேன். அவன் படிச்சு முடிக்கிற வரிக்கும் வாசல்லயே நிக்கிறேன்" என்றான். இப்போது நீ படிக்கும்போது அவன் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பான். அவனை உள்ளே கூப்பிடு. என் மேல் இருக்கும் கோபத்தை அவன் மேல் காட்டாதே, அவன் தப்பு என் தப்புக்குப் பிறகுதான்.

என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும், அப்புறம் இதுவும் ஒரு மாவு கரைத்து ஊற்றின கதையாகிவிடும். கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் வராமல் இரு, செல்வியை மட்டும் பேசச் சொல். உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அது தோற்று நிற்கும் நாளும் ஒன்று வரும், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். தோற்கட்டும், விடு. அன்றைக்கு அந்தக் குப்பி காட்டியதை நான் அப்படியே சொல்லியிருந்தால் என் தம்பி ஒரு வாரம் சிரித்திருப்பான், நீ மறுபடியும் காய்ச்சியிருப்பாய், அவ்வளவுதானே?

உன் பழைய நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. நீ தூக்கி எறிந்ததை நான் எடுத்து வைத்தேன். அந்தத் தேதிக்கு நேராக 'தெளிவு, சரி' என்று நீ எழுதியதை நான் அடிக்கவில்லை, அது நீ கண்ட உண்மை. அதன் பக்கத்தில், 'அம்மா கஞ்சியில் வைத்துச் சூடாக்கிக் காட்டினாள். குளிர்ந்தபின் அடியில் எண்ணெய். சரியில்லை' என்று எழுதி, உன்னைப் போலவே கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இப்போது குப்பியை மாமாவிடமிருந்து வாங்கு. வழியெல்லாம் சட்டைப் பையில் வைத்திருப்பான், சூடாக இருக்கும். சூடாக இருந்தால் குப்பிதான் சூடு, உன் கை இல்லை. செல்வியிடம் சொல்லிப் பானைத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வை. அப்புறம் ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரே ஒரு தடவை பார்.